புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஒரே விதி: ஏழாம் வகுப்புக்குத் தசமம் சொல்லித்தருவது

கரும்பலகையில் 2.35 என்றும் 2.4 என்றும் எழுதி, எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 2.35-க்கு நிறையக் கைகள் உயரும். "முப்பத்தஞ்சு பெருசுல்ல டீச்சர், அது வெறும் நாலுதானே?" என்பார்கள். இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. முழு எண்களில் தனக்குத் தெரிந்த விதியை அந்தப் பிள்ளை ஒழுங்காகவே பயன்படுத்துகிறது. புள்ளியை ஒரு சுவராக நினைத்து, இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் வேறோர் எண் என்று படிக்கிறது. அவ்வளவுதான் சிக்கல். இதைச் சரிசெய்யாமல் கூட்டல், பெருக்கல், வகுத்தல் என்று ஓடினால் எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பிள்ளை விதிகளை மனப்பாடம் செய்துகொண்டேதான் இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். என் வகுப்பில் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள், பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள், கருவாடு வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அளவும் எடையும் இவர்களுக்குப் புதிதில்லை. கடற்கரையில் தராசில் ஓடும் எண்ணைப் பார்த்து விலை சொல்லும் பிள்ளை, வகுப்பில் அதே எண்ணை எழுதிக் காட்டினால் திகைத்து நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு நான் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும், சாயங்காலம் வீட்டில் பாடம் சொல்லித்தருகிற அக்கா அண்ணன்களுக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசமத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தசமம் பிரச்சினை இல்லை. இடமதிப்பு அரைகுறையாக நின்றுபோனதுதான் பிரச்சினை. அதனால் தசமத்துக்கு ஒதுக்கிய நாட்களில் முதல் சில நாட்களை முழு எண்ணுக்கே கொடுங்கள். பாடம் பின்தங்கும் என்று பயப்பட வேண்டாம். அந்த நாட்கள் பின்னால் திரும்பக் கிடைத்துவிடும்.

முதலில், யார் என்ன நினைக்கிறார்கள் என்று பாருங்கள்

பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாளில் இவற்றைக் கொடுங்கள். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு ஜோடியிலும் பெரியது எது? இரண்டும் சமமா?
0.5, 0.125
0.4, 0.65
3.7, 3.07
0.6, 0.60
அப்புறம் இரண்டு கணக்கு: 2.9 + 0.1 எவ்வளவு? 2.5 × 10 எவ்வளவு?

தாள்களைத் திருத்தும்போது சரி, தப்பு என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. எந்த ஜோடியில் சரி, எந்த ஜோடியில் தப்பு என்று சேர்த்துப் பாருங்கள். சில பிள்ளைகள் நீளமான எண்தான் பெரியது என்று நினைப்பார்கள். அவர்கள் முதல் ஜோடியில் 0.125 என்பார்கள், இரண்டாவதில் 0.65 என்பார்கள். இரண்டாவது விடை சரி, ஆனால் காரணம் தப்பு. வேறு சில பிள்ளைகள் இதற்கு நேர் எதிர். நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சின்னது என்று எங்கோ கேட்டிருப்பார்கள். அதனால் புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு நீளமோ அவ்வளவு சின்னது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவர்கள் முதல் ஜோடியில் 0.5 என்று சரியாக எழுதிவிட்டு, இரண்டாவதில் 0.4 என்று எழுதுவார்கள். ஒரே ஒரு ஜோடியைக் கொடுத்துச் சோதித்தால் இந்த இரு கூட்டத்தில் ஒன்று எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கூடுதல் அக்கறை. ஏனென்றால் பாடம் நடத்திய பிறகு உருவாகும் தப்பு அது. முதல் கூட்டத்தைத் திருத்தப் போய், "நீளத்தைப் பார்க்காதே, அது சின்னத் துண்டு" என்று நாம் அவசரமாகச் சொல்லுவதில் பிறப்பது.

3.7-ம் 3.07-ம் சமம் என்று எழுதும் பிள்ளை, ஏழுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று கீழ் வகுப்பில் கேட்டதை இங்கே கொண்டு வந்திருக்கிறது. 2.9 + 0.1-க்கு 2.10 என்று வந்தால், புள்ளி அந்தப் பிள்ளைக்கு இன்னும் சுவர்தான். 2.5 × 10-க்கு 2.50 என்றும் வரும், 20.50 என்றும் வரும். முதலாவது, பத்தால் பெருக்கினால் கடைசியில் பூச்சியம் போடு என்ற பழைய விதி. இரண்டாவது, புள்ளிக்கு இந்தப் பக்கம் தனியாகவும் அந்தப் பக்கம் தனியாகவும் பெருக்கியது.

விடையைச் சொல்லித் திருத்தாதீர்கள். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டு, சொல்வதை அப்படியே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்த பிறகு இதே தாள் மறுபடி வேண்டும்.

ஈர்க்குக் கட்டிலிருந்து

தென்னை ஈர்க்குக்கு நம் கரையில் பஞ்சமில்லை. ஒரு விளக்குமாற்றைப் பிரித்தால் ஒரு வகுப்புக்குப் போதும். பத்து ஈர்க்கு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெரிய கட்டு. கட்டுவதற்கு ரப்பர் வளையமோ அறுந்த தங்கூசியோ (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) எதுவானாலும் சரி. இது ஒன்றாம் வகுப்பு வேலை ஆயிற்றே என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். கேள்வியைக் கடினமாக்கினால் கூச்சம் போய்விடும்.

நான் கேட்கும் கேள்வி இதுதான்: 3420-ல் எத்தனை பத்துகள் இருக்கின்றன? இரண்டு என்றுதான் முதலில் பதில் வரும். பத்தாம் இடத்தில் 2 நிற்கிறது அல்லவா? சரி, அப்படியானால் மூன்று ஆயிரத்தைப் பிரித்தால் அதற்குள் பத்துகளே கிடையாதா என்று கேளுங்கள். பெரிய கட்டைப் பிரித்து எண்ண விடுங்கள். 342 என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை காத்திருங்கள். பத்தாம் இடத்தில் நிற்கும் இலக்கம் வேறு, அந்த எண்ணுக்குள் இருக்கும் பத்துகள் வேறு. இது பிடிபட்ட பிள்ளைக்குத் தசமத்தில் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் அடுத்த வாரம் நாம் கேட்கப்போவது இதே கேள்விதான்: 2.3-ல் எத்தனை பத்தில் ஒன்றுகள்? மூன்றா, இருபத்து மூன்றா?

பூச்சியத்துக்கும் இங்கேயே ஒரு வகுப்பு வேண்டும். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளை ஆறாம் வகுப்பிலும் உண்டு. காதில் நூறு விழுந்ததும் 100, ஐந்து விழுந்ததும் 5. இதற்கு நம் பழைய தமிழ் எண்களைக் காட்டலாம். அதில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். நூற்று ஐந்து என்றால் ௱௫, அவ்வளவுதான். பூச்சியம் தேவையே இல்லை. 2345 என்றால் ௨௲௩௱௪௰௫. எத்தனை ஆயிரம், எத்தனை நூறு, எத்தனை பத்து என்று குறியே சொல்லிவிடுகிறது. இன்றைய முறையில் குறியைத் தூக்கிவிட்டு இடத்தை வைத்தே மதிப்பைச் சொல்கிறோம். இடம்தான் பேசுகிறது என்றால் காலி இடத்தையும் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் பூச்சியம். இரண்டு முறையிலும் சில எண்களை எழுதிப் பார்த்த பிள்ளை, 3.07-ல் பூச்சியம் என்ன வேலை செய்கிறது என்று பின்னால் தானாகவே சொல்லும்.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் வாயில் வரவழையுங்கள்: இடப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் பத்து மடங்கு, வலப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் பத்தில் ஒரு பங்கு. வலப்பக்கம் போய்க்கொண்டே இருங்கள். ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. அப்புறம்? அந்த "அப்புறம்?" என்ற கேள்வியோடு அன்றைய வகுப்பை முடியுங்கள்.

ஒன்றை உடைப்பது

மறுநாள் ஒரு மீட்டர் நீளக் குச்சிகள் வேண்டும். நீளமான ஈர்க்காக இருந்தால் ஒரு மீட்டர் தேறும். இல்லையென்றால் மூங்கில் சிம்பு, அதுவும் இல்லையென்றால் தடித்த தாளை ஒட்டி நீளமாக வெட்டிய பட்டை. இந்தக் குச்சிக்கு ஒரே பெயர்தான்: "ஒன்று". மீட்டர், சென்டிமீட்டர் என்ற சொற்களை அன்று வாயில் எடுக்காதீர்கள். சென்டிமீட்டர் என்று சொன்ன நொடியில் பிள்ளை 2.35-ஐ 2 மீட்டர், 35 சென்டிமீட்டர் என்று இரண்டு முழு எண்ணாகப் பிரித்துவிடும். அதைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம்.

கரும்பலகையை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு குச்சி வைத்த பிறகு மிச்சம் இருக்கும். "ரெண்டும் கொஞ்சமும்" என்பார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? பாதியா, பாதிக்கும் கூடவா? இந்தச் சண்டையை அவர்களே போடட்டும். குச்சியை உடைக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்கும். எத்தனை துண்டாக? நேற்றைய விதி என்ன சொல்கிறது? பத்தாக. அதுதான் பத்தில் ஒன்று. அதிலும் மிச்சம் வந்தால் அந்தத் துண்டைப் பத்தாக. அது நூறில் ஒன்று. நூறில் ஒன்று விரல் நகம் அளவுதான் இருக்கும். கத்தரியால் வெட்டி ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுங்கள். ஆயிரத்தில் ஒன்றை வெட்டினால் தூசுதான் மிஞ்சும். அதைக் கட்டத்தாளில் காட்டுங்கள், போதும்.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு "ஒன்று" மூன்று, "பத்தில் ஒன்று" ஓர் இருபது, "நூறில் ஒன்று" ஓர் இருபது இருந்தால் எல்லா விளையாட்டும் ஆடலாம்.

இப்போது வராண்டாவுக்குப் போங்கள். சுவரோரமாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து 2.35-ஐ அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஒன்று, மூன்று பத்தில் ஒன்று, ஐந்து நூறில் ஒன்று, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. அதற்குக் கீழே 2.4. எது நீளம் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். நூறில் ஒன்று ஐந்தைச் சேர்த்தும் இன்னொரு பத்தில் ஒன்றை எட்ட முடியவில்லை என்று கண்ணே சொல்லும். அடுத்து 0.4-ம் 0.65-ம். குட்டையானது பெரியது என்ற கூட்டத்துக்கு இந்த ஜோடிதான் மருந்து. பிறகு 0.6-ம் 0.60-ம். "நூறில் ஒன்று ஒண்ணுமே வைக்கலையே டீச்சர், ரெண்டும் ஒரே நீளம்தான்" என்று அவர்களே சொல்வார்கள்.

பாடப்புத்தகத்தில் வரும் நூறு கட்டச் சதுரமும் நல்ல கருவிதான். ஆனால் முதல் கருவியாக அதை நான் எடுப்பதில்லை. முப்பத்தைந்து கட்டத்துக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை முப்பத்தைந்து என்று எண்ணிக்கொண்டுதான் தீட்டுகிறது. முழு எண்ணை விட்டு வெளியே வருவதில்லை. நீளத்தை முதலில் கொடுங்கள். சதுரம் பெருக்கலுக்கு வேண்டியிருக்கும், அப்போது எடுக்கலாம்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். இடங்களின் பெயரைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் புள்ளியை நடுவாக நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் பத்து, நூறு இருக்கிறது. அப்படியானால் ஒன்றுக்கு ஜோடி எங்கே என்று ஒரு நல்ல பிள்ளை கேட்கும். அருமையான கேள்வி. நடுவில் இருப்பது புள்ளி இல்லை, ஒன்றாம் இடம். ஒன்றுக்கு இடப்பக்கம் பத்து, வலப்பக்கம் பத்தில் ஒன்று. அதற்கடுத்து நூறு, நூறில் ஒன்று. புள்ளி ஒன்றாம் இடத்தின் காலடியில் போட்ட அடையாளம் மட்டுமே. "ஒன்றாம் இடம் இதுதான், இங்கிருந்து எண்ணிக்கொள்" என்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. புள்ளியைத் தனிக் கட்டத்தில் எழுதாதீர்கள். ஒன்றாம் இடத்துக்கும் பத்தில் ஒன்றாம் இடத்துக்கும் நடுவே உள்ள கோட்டின் மேல் வையுங்கள்.

வாசிக்கும்போது கண்டிப்பாக இருங்கள். 2.35 என்றால் "இரண்டு புள்ளி மூன்று ஐந்து". "இரண்டு புள்ளி முப்பத்தைந்து" என்று நீங்களும் சொல்லாதீர்கள், பிள்ளைகளையும் சொல்ல விடாதீர்கள். கடையில், டிவியில், வீட்டில் எல்லோரும் முப்பத்தைந்து என்றுதான் சொல்வார்கள். வகுப்பிலாவது சரியாக ஒலிக்கட்டும். இன்னும் நல்லது, "இரண்டு ஒன்று, மூன்று பத்தில் ஒன்று, ஐந்து நூறில் ஒன்று" என்று முழுதாகச் சொல்லவைப்பது. முதல் வாரம் முழுக்க இப்படியே சொல்லட்டும்.

குச்சிகளைக் கட்டி வைப்பதற்கு முன்னால் ஒரு விளையாட்டு. தாயக்கட்டை அல்லது பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு நூறில் ஒன்றுத் துண்டுகளை எடுக்க வேண்டும். பத்து சேர்ந்தால் கொடுத்துவிட்டு ஒரு பத்தில் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கையில் உள்ளதை நோட்டில் எண்ணாக எழுத வேண்டும். முதலில் "ஒன்று" வாங்குபவர் ஜெயித்தார். 0.09-லிருந்து 0.10-க்கும், 0.96-லிருந்து 1.02-க்கும் போகும் இடங்களில் போய் நின்றுகொள்ளுங்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.

தராசும் காசும்

ரூபாய், பைசாவை வைத்துத் தசமம் தொடங்குவது பலரின் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பைசாவை இன்றைய பிள்ளைகள் கையில் எடுத்ததே இல்லை. 25 பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. அதோடு ரூபாயும் பைசாவும் அவர்கள் மனதில் இரண்டு வேறு வேறு பொருள். 12.50 என்றால் பன்னிரண்டு ரூபாய், ஐம்பது பைசா. சுவர் இன்னும் உறுதியாகத்தான் நிற்கும். காசு இரண்டு இடத்தோடு நின்றுவிடுவதால், மூன்றாவது இடம் வந்ததும் பிள்ளைக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நம் ஊருக்கு மின்னணுத் தராசுதான் பொருத்தம். அது எப்போதும் மூன்று இடம் காட்டுகிறது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. குச்சி வேலை முடிந்த பிறகுதான் தராசுக்குப் போக வேண்டும், முன்னால் போனால் 1.25 என்பதை ஒரு கிலோ இருபத்தைந்து கிராம் என்று படிப்பார்கள். அந்தத் தப்பை நேராகவே எடுத்துப் பேசுங்கள். 1.5, 1.05, 1.005 மூன்றையும் எழுதி, தராசு இதை எப்படிக் காட்டும் என்று கேளுங்கள். 1.500, 1.050, 1.005. முதலாவது ஒன்றரைக் கிலோ. இரண்டாவது ஒரு கிலோவும் ஐம்பது கிராமும். மூன்றாவது ஒரு கிலோவும் ஐந்து கிராமும். ஒரு பூச்சியம் இடம் மாறியதில் எவ்வளவு கணவாய் மீன் போய்விட்டது என்று மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உடனே உறைக்கும்.

வீட்டுப்பாடமாக, கரையிலோ கடையிலோ தராசில் பார்த்த எண்களை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள். நண்டு 0.650, இறால் 0.875, சூடை மீன் 2.300 என்று வரும். மறுநாள் எல்லாவற்றையும் பலகையில் எழுதிச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கலாம். எந்தப் பூச்சியத்தை அழித்தால் எண் மாறும், எதை அழித்தால் மாறாது என்று கேட்கலாம். 2.300-ல் கடைசி இரண்டையும் அழிக்கலாம், 1.050-ல் ஒன்றை மட்டும்தான். எட்டாம் வகுப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். 0.6-ம் 0.600-ம் மதிப்பில் ஒன்று, ஆனால் 0.600 என்று எழுதியவர் கிராம்வரை அளந்திருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்குக் காலும் அரையும் முக்காலும் பேச்சிலேயே இருக்கின்றன. "ரெண்டே முக்கால் கிலோ" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 2.750-ஐக் காட்டினால் ஓர் இணைப்பு கிடைக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, 0.125. அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகப் போகும்போது புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இடமாகக் கூடுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள்: 0.5, 0.25, 0.125. அடுத்தது வீசம், பதினாறில் ஒன்று, 0.0625. தாத்தா, பாட்டி காலத்து அணா இதுதான். பதினாறு அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய் நூறு பைசாவானது. அதற்குமுன் கணக்கு எழுதியவர்களுக்கு மா, காணி, முந்திரி எல்லாம் அத்துப்படி. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இவற்றைத் தசமமாக மாற்றச் சொல்லுங்கள். 0.05, 0.0125, 0.003125 என்று வரும். இதைவிட நல்ல வகுத்தல் பயிற்சி எனக்குத் தெரியாது.

பாலமும் ஜி.பி.எஸ்-ம்

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 2.065 கிலோமீட்டர். அதன் பக்கத்தில் போகும் சாலைப் பாலம், 1988-ல் திறந்தது, 2.345 கிலோமீட்டர். எது நீளம், எவ்வளவு அதிகம்? கழித்தால் 0.280, அதாவது 0.28. "இருபத்தெட்டு மீட்டர்" என்று ஒரு குரல் வரும். விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டரில் நூறில் ஒன்று எத்தனை மீட்டர் என்று திருப்பிக் கேளுங்கள். 280 மீட்டர் என்று வந்து சேரட்டும். பிறகு இரண்டையும் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு முழுதாக்கச் சொல்லுங்கள்: 2.1, 2.3. முழுதாக்கிய பிறகு வித்தியாசம் 0.2 ஆகிவிட்டது, 80 மீட்டர் எங்கே போனது என்று பேச ஒரு வகுப்பே போதாது.

ஜி.பி.எஸ் கருவி எட்டாம் வகுப்புக்கு. படகில் உள்ள கருவி இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும்: 9 பாகை 17.254 நிமிடம் என்பதுபோல. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். அப்படியானால் பத்தில் ஒரு நிமிடம் 185 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. நூறில் ஒன்று 18.52 மீட்டர். ஆயிரத்தில் ஒன்று 1.852 மீட்டர், ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஓர் ஆள் தூரம், நடு இலக்கம் மாறினால் ஒரு படகு நீளத்துக்கும் மேலே, முதல் இலக்கம் மாறினால் போட்ட வலை கண்ணுக்கே எட்டாது. அப்பாவுக்கு இது தெரியும், அண்ணனுக்குத் தெரியும். பிள்ளைக்கு அதன் கணக்கு இப்போது தெரிகிறது. இடமதிப்பு என்றால் என்ன என்று இதைவிட அழுத்தமாகச் சொல்லும் உதாரணம் நம் கரையில் வேறில்லை.

ஆனால் பாகைக்கும் நிமிடத்துக்கும் நடுவே விதி பத்து இல்லை, அறுபது. 9 பாகை 30 நிமிடம் என்பது 9.5 பாகை, 9.3 இல்லை. போனில் வரும் வரைபடம் ராமேஸ்வரத்தை ஏறக்குறைய 9.288 பாகை என்று காட்டும். இதைப் படகுக் கருவியின் முறைக்கு மாற்ற 0.288-ஐ 60-ஆல் பெருக்கினால் 17.28 நிமிடம். பெருக்கல் பயிற்சிக்குப் பயிற்சி, எச்சரிக்கைக்கு எச்சரிக்கை.

இதே எச்சரிக்கை கிரிக்கெட்டுக்கும் வேண்டும். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். இன்னும் மூன்று பந்து வீசினால் ஐந்து ஓவர். புள்ளி போட்டிருப்பதால் அது தசமம் ஆகிவிடாது. மணி 3.30 என்பதும் அப்படியே. பாடப்புத்தகத்தில் பயிற்சி 1.9-க்குப் பிறகு 1.10 வந்தால் அதையும் நின்று காட்டுங்கள். பிள்ளை தினமும் பார்க்கும் புள்ளிகளில் பலவும் உண்மையிலேயே சுவர்கள்தான். அதனால்தான் தசமப் புள்ளியையும் அப்படி நினைக்கிறது.

கணக்குகள்

இதுவரை செய்தது உறுதியாக நின்றுவிட்டால் கூட்டலும் கழித்தலும் ஒரு நாள் வேலை. புள்ளிக்கு நேர் புள்ளி வை என்று சொல்வதைவிட, ஒன்றாம் இடத்துக்கு நேர் ஒன்றாம் இடம் வை என்று சொல்லுங்கள். 7 + 0.35 வரும்போது 7-க்குப் புள்ளி இல்லையே என்று பிள்ளை முழிக்காது. 5 - 1.28 போன்ற கழித்தல்களை வேண்டுமென்றே கொடுங்கள்.

பத்தால் பெருக்கும்போது புள்ளியை வலப்பக்கம் தள்ளு என்று சொல்லாதீர்கள். புள்ளி ஒன்றாம் இடத்தின் அடையாளம் என்று சொல்லிவிட்டு, இப்போது அதை நகர்த்தச் சொன்னால் எப்படி? நகர்வது இலக்கங்கள். ஓர் அட்டையில் இடங்களின் பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு வெட்டு வெட்டி, இலக்கங்கள் எழுதிய தாள் பட்டையை அதில் நுழைத்து இழுத்தால் போதும். 2.5 ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்தால் 25. பத்தால் வகுக்கும்போது வலப்பக்கம்.

பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்ற நம்பிக்கையையும் இங்கே உடைக்க வேண்டும். நண்டு கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.75 கிலோ எவ்வளவு? 400-ஐவிடக் கூடவா குறைவா என்று முதலில் கேளுங்கள், பிறகு கணக்கு போடட்டும். 300. யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 0.3 × 0.2-க்கு நூறு கட்டச் சதுரத்தை இப்போது எடுங்கள். மூன்று கிடை வரிசை ஒரு வண்ணம், இரண்டு செங்குத்து வரிசை இன்னொரு வண்ணம். இரண்டும் சேரும் இடத்தில் ஆறு கட்டம், 0.06.

வகுத்தலுக்குக் கயிறு. 6 மீட்டர் கயிற்றை 0.4 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை? 6 என்பது 60 பத்தில் ஒன்றுகள், 0.4 என்பது 4 பத்தில் ஒன்றுகள். 60-க்குள் 4 எத்தனை முறை? 15. முதல் வாரத்தில் 3420-க்குள் எத்தனை பத்து என்று கேட்டோமே, அதே கேள்விதான் இது. இரண்டு பக்கமும் பத்தால் பெருக்கு என்ற விதியைப் பிள்ளைகளே இங்கிருந்து கண்டுபிடிப்பார்கள்.

பாடம் முடிந்து ஒரு மாதம் போகட்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் முடித்திருந்தால், விடுமுறை கழித்துப் பள்ளி திறந்ததும் செய்யுங்கள். முதல் நாள் கொடுத்த தாளை, எண்களை மட்டும் மாற்றி, மறுபடி கொடுங்கள். ஓரத்தில் குறித்து வைத்த காரணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சில பிள்ளைகள் பழைய விதிக்கே திரும்பியிருப்பார்கள். அவர்களுக்கு மறுபடி விதி சொல்ல வேண்டாம். குச்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக வராண்டாவுக்கு அழைத்துப் போய், தப்பிய ஜோடியை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். சரியாக எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் வேறொரு வேலை: 0.35-க்கும் 0.36-க்கும் நடுவில் ஓர் எண் எழுது. எழுதிவிட்டால், அதற்கும் 0.36-க்கும் நடுவில் இன்னொன்று.